கீழ்ப் பொத்தான்

காப்பி ஆறிவிடும், குடியுங்கள் மேடம். பக்கத்தில் இருப்பது வால்நட் அடைத்த கேக்; கடையில் வாங்கியதுதான், தைரியமாகச் சாப்பிடலாம். பல் மட்டும் கவனம். முப்பத்தொரு வருடம் பல் டாக்டராக இருந்தவன் சொல்கிறேன், இந்த ஊரில் என் தொழிலைப் பாதி நடத்தியதே இந்தக் கேக்தான்.

நீங்கள் வந்தது ஒரு கடிகாரத்துக்காக என்று போனில் சொன்னீர்கள். என்னிடம் நூற்றுப் பதினேழு பழைய கடிகாரங்கள் இருக்கின்றன. இருப்பதோ இரண்டு மணிக்கட்டு. அதிலும் வலது கையில் கட்டும் வழக்கம் எனக்கில்லை. கணக்குப் போட்டால் நான் பைத்தியம் என்றுதான் வரும். என் முன்னாள் மனைவி அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் லூசெர்னுக்குப் போனாள். எல்லாவற்றையும் நகரத்து வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, பனிச்சறுக்குக்குப் போகும்போது மட்டும் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் கடிகாரத்தைக் கட்டுவேன். பனியும் தண்ணீரும் பழைய கடிகாரத்துக்கு எமன்.

என் சிநேகிதன் ஃப்ளூரினுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவன் கேபிள் கார் மெக்கானிக். அவனிடம் இருந்தது ஒரே ஒரு கடிகாரம். ஜெனீவாவில் 1946-இல் செய்தது, சால்மன் மீன் நிற முகம், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். அவன் அப்பா பனிச்சறுக்கு ஆசிரியர். ஓட்டலுக்கு வந்த ஏதோ ஒரு பிரபு, ஒரு குளிர்காலம் முழுக்கக் கற்றுக்கொண்டும் நிற்கக்கூட வராமல், நன்றிக்காகக் கழற்றிக் கொடுத்தது. உலகத்தில் அந்த நிறத்தில் பதினொன்றுதான் இருக்கின்றன. அதைக் கட்டிக்கொண்டு இவன் கேபிளுக்குக் கிரீஸ் தடவுவான். மலைக்குப் போகும்போது நீளமான தோல்வார் போட்டு ஜாக்கெட் கைக்கு மேலேயே கட்டிக்கொள்வான். நாலு மணி எண்ணுக்குப் பக்கத்தில் உலோகத்தில் ஒரு கீறல். அவன் மனைவி லதீனா பாலாடைக்கட்டியை உருக்கி வழிக்கிற கத்தியால் தெரியாமல் இழுத்தது. ஒன்பது வருடம் அந்தக் கடிகாரத்தைக் கேட்டேன்.

"பல் டாக்டரே, உனக்கு எத்தனை இருக்கு?" என்பான்.

"அது வேற விஷயம்டா."

"நூத்துப் பதினேழுல மணி பார்க்கத் தெரியாதவனுக்கு நூத்துப் பதினெட்டாவது எதுக்கு? இது எங்கப்பா கட்டினது. செத்தாலும் கழட்ட மாட்டேன், போ."

மேல் பொத்தானை அழுத்தினால் நிமிடமும் விநாடியும் அளக்கும் தனி முட்கள் ஓடத் தொடங்கும், இன்னொரு முறை அழுத்தினால் நின்றுவிடும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் சுழியத்துக்குத் திரும்பிவிடும். சிகரத்தில் மேல் பொத்தானை அழுத்திவிட்டுச் சறுக்குவான். கீழே வந்து நின்றதும் மறுபடி அழுத்துவான். பிறகு கையை நீட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பான். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் முந்தியதில்லை. சறுக்குவதில் அவனிடம் தோற்கலாம், அதில் அவமானம் இல்லை, ஊரே தோற்றது. கடிகாரம் என்று வந்தால் நான்தான் பெரியவன் என்று அவனும் ஒப்புக்கொண்டிருந்தான். அந்த ஒன்று எனக்கு முக்கியமாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் இதைப் போய் முக்கியமாக நினைப்பானா என்று கேட்பீர்கள். நினைத்தேன்.

போன நவம்பரில் ஒரு சின்னத் தந்திரம் செய்தேன். அவன் வீட்டில் சாப்பாடு. மேஜைமேல் திசைகாட்டி ஒன்றை வைத்து, அவன் கையை அதன் பக்கத்தில் கொண்டு வரச் சொன்னேன். முள் பேய் பிடித்ததுபோல ஆடியது. ஆடாமல் என்ன செய்யும், என் உள்ளங்கையில் ஒரு காந்தம் இருந்ததே.

"ஐயய்யோ, என்னடா இது?" என்றான்.

"கடிகாரத்துல காந்தம் ஏறிடுச்சு. மார்புல பீப்பர் கட்டறல்ல, அதுலேர்ந்துதான். என்கிட்ட குடு, ஒரு வாரத்துல எடுத்துத் தரேன்."

மலை ஏறுகிற எல்லோரும் மார்பில் கட்டிக்கொள்ளும் பீப்பர் உங்களுக்குத் தெரிந்ததுதான். பனிச்சரிவில் ஒருவன் புதைந்தால், அவன் பீப்பர் விடும் சமிக்ஞையை வைத்து மற்றவன் தோண்டி எடுப்பான். அதிலிருந்து கைக்கடிகாரத்துக்குக் காந்தம் ஏறுவதெல்லாம் சுத்தப் புளுகு. எனக்கு வேண்டியது ஒரு வாரம், என் மேஜை விளக்கின் கீழ், அந்தச் சால்மன் முகம். அவ்வளவுதான். திருட நினைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்க நினைத்தேன்.

அவன் கொடுக்கவில்லை. "ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஓடினா கேபிள் அறுந்துடாது," என்றான். லதீனா சிரித்தாள். நான் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி பதினாறு, ஞாயிறு. நாங்கள் இருவர் மட்டும். மலை அடிவாரத்தில் கார் பக்கத்தில், வழக்கம்போல, ஒருவர் பீப்பரை மற்றவர் சோதிக்க வேண்டும். அன்றைக்குச் சோதிப்பது என் முறை. அவன் என்னைக் கடந்து நடந்தான். என் கருவி கூவியது. முன்னால் வரும்போது மெதுவாக, கடந்த பிறகு ஓங்கி. எந்தப் பல்லில் வலி என்று நோயாளி சொல்வதற்கு முன்பே கண்டுபிடிக்கிறவன் நான். பீப்பர் மார்பில் இல்லை, முதுகுப் பையில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது.

திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "நீ சொன்னதை மறக்கலடா. மார்புலேர்ந்து எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டேன். இப்ப அப்பா கடிகாரத்துக்குக் காந்தம் ஏறாதுல்ல?"

பாராட்டை எதிர்பார்த்து நின்றான். பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற மாதிரி. பையைச் சரிவு பிடுங்கிக்கொண்டு போனால் பீப்பரும் போய்விடும் என்பது இங்கே ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஃப்ளூரினுக்கும் தெரியும். ஆனால் கடிகார விஷயத்தில் டாக்டர் சொல்லிவிட்டார் அல்லவா.

ஒரு வாக்கியம் போதும், மேடம். "அது பொய்டா, மார்புல கட்டு." சொல்லியிருந்தால் அன்று மாலையே அவன் சாராயக்கடையில் உள்ளங்கையில் காந்தம் வைத்து நடித்துக் காட்டியிருப்பான். வசந்தம் வரை ஊர் சிரித்திருக்கும். நான் அதைக் கண்முன் பார்த்தேன், ஒவ்வொரு முகமாக. பிறகு, "சரி, போ," என்றேன்.

சிகரத்தில் மேல் பொத்தானை அழுத்தினான். "நீ கீழே வந்ததும் என்னை எழுப்பு," என்று சொல்லிவிட்டு இறங்கினான். நானும் என் பிளாஸ்டிக்கை ஓடவிட்டேன். இரண்டாம் நிமிடத்தில், அவனுக்கு மேலே சரிவு முழுவதும் ஒரு சத்தத்தோடு உட்கார்ந்து, பெயர்ந்து, அவனை மூடிக்கொண்டு இறங்கியது. நான் மேலே நின்றதால் என்னைத் தொடவில்லை.

ஆறாம் நிமிடத்தில் சமிக்ஞையைப் பிடித்து, முழங்கை ஆழத்தில் தோண்டி, பையை எடுத்தேன். இடுப்புப் பட்டையை அவன் என்றைக்குமே மாட்டமாட்டான். பை மட்டும்தான் இருந்தது. பீப்பர் உள்ளே ஒழுங்காகக் கூவிக்கொண்டிருந்தது. இரண்டு கால்பந்து மைதானம் அளவுக்குப் பனிக்கட்டி, அதில் எங்கேயோ ஃப்ளூரின்.

என் போனில் சிக்னல் இருந்தது. முழுதாக இருந்தது. நீங்கள் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம், நான் முப்பத்தொன்றாவது நிமிடத்தில்தான் அழைத்திருக்கிறேன்.

இடையில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பீப்பரை அணைத்து என் பைக்குள் போட்டேன். பிறகு அவன் பைமேல் உட்கார்ந்தேன். மீட்புக்குழு வந்தால் முதல் கேள்வி, "காலையில் சோதித்தது யார்?" அதற்குப் பதில் வேண்டும். பேட்டரி தீர்ந்துவிட்டதென்று அவனே காரில் விட்டுவிட்டு வந்தான் என்று சொல்லலாமா? எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை என்று சேர்க்கலாமா? வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டும் பல் டாக்டர் "வலிக்காது" என்று சொல்கிற மாதிரி இருந்தன. வாய் வறண்டது. அவன் குடுவையில் தேநீர் சூடாக இருந்தது, குடித்தேன். நடுவில் எழுந்து நீளக் கம்பியால் அங்கங்கே குத்தியும் பார்த்தேன், நடுங்காமல் இருப்பதற்காக. பன்னிரண்டாம் நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கடிகாரத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம் கிடையாதே என்று பதறினேன். அவனுக்கு மூச்சு இருக்குமா என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. அந்த வரிசைக்காக வெட்கப்படுகிறேன்.

அழைத்த பதினைந்தாவது நிமிடத்தில் ஹெலிகாப்டர் நாயோடு வந்தது. அருமையான ஆட்கள். கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் இறங்கியது, மேலே இன்னொரு சரிவு தொங்கியது, தேடலை நிறுத்தி எல்லோரையும் திரும்பிப் போகச் சொன்னார்கள். என் கதையை யாரும் சந்தேகிக்கவில்லை. கார் அடிவாரத்தில் இருந்தது, பீப்பரும் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மேலே போனேன். மார்ச், ஏப்ரல், மே. கம்பியால் குத்திக் குத்தித் தேடினேன். ஊரே என்னைக் கண்டு கலங்கியது. சிநேகிதன் என்றால் துரி மாதிரி இருக்கணும் என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே என் பெயரைச் சொன்னார். நான் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டேன், அது நன்றாக எடுபட்டது. லதீனா பார்லிக் கஞ்சியைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பாள். "நீங்க ஒருத்தர்தான் அவரை விடல," என்பாள். நான் கடிகாரத்தைத் தேடுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவனையும் தேடினேன். கடிகாரம் அவன் கையில்தானே இருந்தது.

ஜூன் எட்டாம் தேதி கண்டுபிடித்தேன். ஓடை ஓரத்தில், குப்புறப் படுத்து, இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால். நமக்கெல்லாம் சின்ன வயதில் சொல்லிக் கொடுப்பார்களே, முகத்துக்கு முன்னால் கையை வைத்து மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள் என்று, அப்படியே. கடிகாரத்தைக் கழற்றி ஆட்டுத்தோலில் சுற்றிவிட்டு, பிறகு உங்கள் போலீஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஓடை இழுத்துப் போயிருக்கும் என்று லதீனாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சூரிச்சில் கடிகாரப் பிரியர்கள் ஏழு பேருக்கு விருந்து, அவர்கள் முன்னால் கட்டிக்கொண்டு போனேன். ஒருத்தன் படம் எடுத்துச் சங்கத்து இதழில் போட்டான். அந்த இதழ் என் பழைய மருத்துவமனைக்கு வரும்படி, காத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று பத்து வருடமாக நானே ஏற்பாடு செய்திருந்தேன். லதீனா பல்வலி என்று அங்கே போய் உட்கார்ந்து அதைப் புரட்டியிருக்கிறாள். நாலு மணிக்குப் பக்கத்தில் அவள் போட்ட கீறல்.

திருட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பீப்பர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது. யாருக்கும் தெரியாது, தெரியவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது, மணி காட்டும் முட்கள் ஏதோ ஒரு நேரத்தில், சாவி தீர்ந்து நின்றிருந்தன. தனி முட்கள் அப்படி நிற்கவில்லை. அவற்றை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். இருபத்தெட்டு நிமிடம் ஒன்பது விநாடி. கீழே வந்து சேர்ந்ததும் அவன் நிறுத்துவது வழக்கம் என்று சொன்னேனே.

பனி அழுத்தியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். என் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். மேல் பொத்தான் நல்ல கெட்டி, வேண்டுமென்று அழுத்தினால்தான் இறங்கும். ஆறாம் நிமிடத்தில் நான் அழைத்திருந்தால் நாய் இருபத்தொன்றில் அங்கே நின்றிருக்கும். இருபத்தெட்டில் நான் அவன் பைமேல் உட்கார்ந்து, மூன்றாவது முறையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முறைதான் சரியாக வந்தது.

பிறகு கீழ்ப் பொத்தானை அழுத்தினேன். முட்கள் சுழியத்தில் போய் நின்றன, ஒரு மயிரிழை பிசகவில்லை. நாலு மாதம் பனிக்கடியில் கிடந்த இயந்திரம். என்ன வேலைப்பாடு என்று ஆச்சரியப்பட்டேன். ஃப்ளூரினிடம் காட்ட வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

இதோ, எடுத்துக்கொள்ளுங்கள். காலையில்தான் சாவி கொடுத்தேன், ஒரு நாளைக்கு நாலு விநாடி மட்டும் பின்தங்கும். லதீனாவிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் கைப்பை மூடியில் காந்தம் இருக்கிறது, மேடம், அதற்குள் போடாதீர்கள். இந்த முறை உண்மையாகத்தான் சொல்கிறேன்.