டேங்கில் இருந்த பெட்ரோல்

“சுத்தாம புடிச்சிகினு நின்ன பைக்கு இன்ஜின டீசல்லியே குளிப்பாட்டிட்டேன் மச்சான்,” என்றார் எனக்கு முன் இருக்கைக்காரர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்து அது.

பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்தார். “பெரிய மெக்கானிக்கு. அப்பறம்?”

“ஊற வெச்சி, கியர்ல போட்டு முன்ன பின்ன ஆட்டினேன். புடி வுட்டு சுத்த ஆரம்பிச்சிடுச்சி. பையன் காலைலயே எடுத்துகினு பீச்சுக்குப் போய்ட்டான்.”

“ஏன் புடிச்சிதாம்?”

“பழைய வண்டி, பெட்ரோல்ல ஆயில் கலக்கணும். தொர வெறும் பெட்ரோல ஊத்திகினு ஓட்டியிருக்கான்.”

“டேங்குல இப்பவும் அதே பெட்ரோல்தான கீது?”

“அய்யோ, அத மாத்தலியே.”

“டேய், ஸ்பீடுல புடிச்சா பின்வீலு அப்டியே நின்னுடும். ஆள தூக்கி அடிக்கும். போன போடு.”

இரண்டாவது முறைதான் மகன் எடுத்தான். அப்பா பேசிவிட்டு போனை மடியில் வைத்தார்.

“இன்னான்றான்?”

“பீச்சாண்ட டீக்கடைல கீறானாம். வண்டிய சிநேகிதன் எடுத்துகினு திருக்கழுக்குன்றம் பக்கமா போயிருக்கானாம்.”

“அவனுக்குப் போடு.”

“அவன் போனு இவன் கைலதான் கீதாம்.”

பேருந்து திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. எதிரே வந்த ஒவ்வொரு பைக்கையும் அவர்கள் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பின்னால் இருந்து நானும் பார்த்தேன்.