முதல் தர நாடா

பழைய கணினி மஞ்சளாவது அழுக்கினால் அல்ல. இது தெரியாமல் சோப்புப் போட்டுத் தேய்த்து, நல்ல நல்ல பெட்டிகளை நம் பழங்கணினிச் சேகரிப்பாளர் சங்கத்திலேயே பாழாக்கியிருக்கிறார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. போன ஆண்டுக் கண்காட்சியில் யாருடைய பெட்டி துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக்கின் நிறம் உள்ளிருந்து மாறுகிறது. மருந்து தடவி, வெயில் பார்த்து, பொறுமையாக வைத்தால் பழைய வெள்ளை திரும்பிவிடும். நான் எதையும் ஆத்திரப்பட்டோ அவசரப்பட்டோ செய்கிறவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பீமாராவ் அண்ணே, சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். முதல் தரம் என்று நான் காட்சிக்கு வைத்த கல்லுப்பட்டிப் பெட்டியின் கேசட்டில், ஓரத்துப் பள்ளத்தில் பசைத் தடம் இருப்பதாகப் புகார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவரின் பொறுமையை மெச்சுகிறேன். நடந்தது எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வீட்டுக் கணினியில் அணைத்துவிட்டால் எதுவும் தங்காது. பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் மாட்டி, கேசட்டை ஓட்டித்தான் நிரலை ஏற்ற வேண்டும். நிரல் வெறும் கீச்சுச் சத்தமாக உள்ளே போகும். பெட்டியோடு கம்பெனி கொடுத்த கேசட்டும் கை படாமல் இருந்தால்தான் முதல் தரம். விலையும் மூன்று மடங்கு. என்னிடம் இருக்கும் முப்பத்தொரு பெட்டிகளில் எதற்கும் அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

டி. கல்லுப்பட்டியில் செல்லத்தாய் என்ற அம்மாவின் வீட்டில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்ததும் பசுமலையிலிருந்து பஸ் ஏறினேன். அந்த அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. 1987இல் அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, அந்த அம்மாவின் மகன் அருள்பாண்டிக்குக் கொடுத்த பெட்டி அது. இரண்டு வருடம் கழித்துக் கிணற்றடியில் பாம்பு தீண்டிப் பையன் இறந்துபோனான். அதன்பிறகு பெட்டியை யாரும் இயக்கவில்லை. ஆனால் ஆயுத பூசை தவறாமல், அரிவாள் மண்வெட்டியோடு அதையும் வரிசையில் வைத்து, மூன்று இடத்தில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக, அதே மூன்று இடத்தில். பயபக்தி ஒரு நல்ல பெட்டியை என்ன பாடு படுத்தும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

நான்காம் தரம் என்று அவரிடம் சொன்னேன். அன்றைக்கு அது நான்காம் தரம்தான், பொய் சொல்லவில்லை. அவர் விலையே பேசவில்லை.

"பெட்டிய நீங்களே வச்சுக்கங்க தம்பி. இந்தக் கேசட்டுல எம்மகன் பேசியிருக்கான். எங்க வீட்டு டேப்பு கெட்டுப்போயி ரொம்ப வருசமாச்சு. அத ஒரே ஒரு தடவ கேக்க வச்சிருங்க. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

கேட்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மகள் வயிற்றுப் பேத்தி திவ்யா என் செல்போன் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சந்தனத்தைச் சுரண்டினால், பொட்டு இருந்த மூன்று இடம் மட்டும் புத்தம் புதுசாக வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்றதெல்லாம் மஞ்சள். மருந்து தடவி, ஒன்பது நாள் வெயிலில் வைத்து, அந்த வித்தியாசம் தெரியாமல் செய்தேன். பிறகு கேசட்டைப் போட்டேன்.

கம்பெனி நிரல் ஓடி முடிந்தபின் நாடா வெற்றாக இருக்க வேண்டும். பையன் கேசட்டின் ஓரத்துப் பள்ளத்தைப் பசைத்தாளால் மூடிவிட்டு, அந்த வெற்றிடத்தில் பதிவு செய்திருக்கிறான். அப்படி மூடினால்தான் கம்பெனிக் கேசட்டில் பதிய முடியும்.

"அம்மா பேரு ஓடுறது. மூணாவது தடவ."

தூரத்தில் ஒரு பெண் குரல்: "ஏலே, சோறு ஆறுது."

"வாரேம்மா."

அதற்குப் பின் கீச்சுச் சத்தம். அதை ஏற்றிப் பார்த்தேன். செல்லத்தாய் என்று ஆங்கில எழுத்துகள் திரையில் இடமிருந்து வலமாக ஓடின. ஓரத்துக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து வந்தன. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பதினொரு தடவை கேட்டேன்.

செல்போனில் ஒரு பிரதி எடுத்திருக்கலாமே என்பீர்கள். ஒரு நிமிட வேலை. அதையும் யோசித்தேன். பிரதி அந்த அம்மாவிடம் போகும், பேத்தி நாலு பேருக்கு அனுப்புவாள், நாடாவில் ஒருவன் பேசியிருந்தான் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். சாட்சி உள்ள நாடா எப்படிக் கை படாத நாடாவாகும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து அழித்தேன். குரலும் கீச்சும் சேர்ந்து நாற்பத்து மூன்று வினாடி. பசைத்தாளை உரித்துப் போட்டேன்.

அந்த அம்மா மாதப் பிறப்புக்கு ஒரு தடவை போன் செய்வார். "கேட்டுச்சா தம்பி?" என்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார். இல்லை என்று சொன்னால் மனசு விட்டுவிடுவார். அதனால் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்கிறேன் என்பேன். இரண்டு வருடம் சலிக்காமல் பதில் சொன்னேன். இந்தக் காலத்தில் யார் அப்படிப் போன் எடுக்கிறார்கள்?

போன தை மாதம் திவ்யா அவரை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். கண் பார்வை குறைந்திருந்தது. காபி கொடுத்து, நாற்காலியை டேப் ரெக்கார்டர் பக்கத்தில் போட்டு, கம்பெனி நிரலை ஓடவிட்டேன். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

"எம்மகன் இம்புட்டு வேகமாப் பேச மாட்டானே தம்பி."

பழைய நாடா அப்படித்தான் ஓடும், இது உங்கள் மகன்தான் என்றேன். கீச்சு நின்றது. நான் அணைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழித்த அந்த நாற்பத்து மூன்று வினாடியும், அதன் பின்னால் கேசட் தீரும் வரையிலும், வெறும் இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். ஒரு இடத்தில் மட்டும், "வந்துருவான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. போகும்போது, நல்லா இருப்பீங்க தம்பி என்று கும்பிட்டார். ஆக, கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிவிட்டேன்.

குரல் அடியோடு அழிந்துவிட்டது என்றும் யாரும் சொல்ல முடியாது. எனக்கு அது மனப்பாடம். பெட்டியைத் துடைக்கும்போது சில நாள் என் வாயிலேயே வந்துவிடும், அதே இழுவையோடு.

பசைத் தடம் என் கவனக்குறைவு. அதை ஒப்புக்கொள்கிறேன், அதற்குச் சங்கம் என்ன தண்டனை கொடுத்தாலும் தலைவணங்குகிறேன். ஆனால் கை படாத நாடா என்று நான் கொடுத்த சான்றில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். எந்த டேப் ரெக்கார்டரில் வேண்டுமானாலும் போட்டு, கடைசி வரை ஓட்டிப் பாருங்கள் அண்ணே. உள்ளே யாரும் இல்லை.