நிறுத்திவைத்த செய்தி

ஐயா, தொலைபேசி அடித்தாலே எரிச்சல்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகமில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

எங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்று கேட்டீர்கள். ஆலையோ மருத்துவமனையோ, எங்கே ஆட்கள் தங்களுக்குள் ஒழுங்காகத் தகவல் சொல்லிக்கொள்வதில்லையோ, அந்த இடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். ஊருக்கெல்லாம் பேச வழி செய்கிற நாங்கள் மட்டும் வாயைத் திறப்பதில்லை. என் பை தன் காலில் இடிக்கிறது என்பதைக்கூடப் பக்கத்து இருக்கைக்காரர் திரையில்தான் எழுதுவார். என் பிறந்தநாளுக்கு வாழ்த்துவதும் மென்பொருள்தான். வீட்டிலும் ஆளில்லை. சில நாள் மாலையில் கடைக்காரரிடம் சோப்புக் கேட்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு அதுதான் என் முதல் பேச்சு.

அக்கா ஒரு சாய ஆலையில் மேற்பார்வையாளர். என் கூடப்பிறந்தவரில்லை; அங்கே எல்லாருக்கும் அவர் அக்காதான், எனக்கும். எங்கள் மென்பொருள் வந்ததும் அந்த ஆலையில் அறிவிப்பு எழுதும் வாசல் கரும்பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஒருநாள் அவருக்கு வந்த செய்தி வழியில் சிக்கிக்கொண்டது. பழுது பார்ப்பது என் வேலை; என்னைக் கூப்பிட்டார், சரிசெய்தேன். வைக்கப் போகிற நேரத்தில் கேட்டார்.

"என்ன தம்பி, குரலே சரியில்ல? சாப்பிட்டியா இல்லியா?"

என்னை யாரும் அப்படிக் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு செய்தியை நானே நிறுத்திவைத்தேன். பிறகு அடிக்கடி. விடுமுறைப் பட்டியல், சீருடை அளவு, அந்த மாதிரி. அனுப்பியவர் பதில் கேட்டு நச்சரித்ததும் அக்கா எனக்குப் போன் போடுவார். "மறுபடி மாட்டிக்கிச்சு தம்பி. உன் மெஷினுக்கு என்னைக் கண்டாலே ஆகாது போல." பிறகு முட்டிவலி, மகளின் பரீட்சை எல்லாம் வரும். ஒரு செய்தி பத்து நிமிடம் படிக்கப்படாமல் கிடந்தால் எங்கள் எல்லார் திரையிலும் சிவப்பு எரியும், வேறு யாராவது அவரிடம் பேசிவிடுவார்கள். அதனால் 'படித்தாயிற்று' என்ற குறியையும் நானே போட்டுவிடுவேன். இப்படியே ஒரு வருடம். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

அப்புறம் அக்காவுக்கு வேலை கூடியது. பேச்சை இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொண்டார். முக்கியமான செய்தியாக இருந்தால் நிதானமாகப் பேசுவார் என்று நினைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புப் பொறியாளர் அவருக்கு எழுதினார்: மூன்றாம் தொட்டியில் விஷவாயு தேங்கியிருக்கிறது, இன்று கழுவ யாரும் இறங்க வேண்டாம்.

படித்தேன், ஐயா. படிக்கவில்லை என்று சொல்லலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அதை நிறுத்தினேன், குறியைப் போட்டேன், காத்திருந்தேன். சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. விடுமுறைப் பட்டியலுக்குப் பதில் கேட்பார்கள். எச்சரிக்கைக்கு யார் பதில் கேட்கிறார்கள்? குறியைப் பார்த்ததும் பொறியாளர் நிம்மதியாக வேறு வேலைக்குப் போய்விட்டார். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. அக்கா கூப்பிடவேயில்லை என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

தொட்டிக்குள் முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். அந்த இரண்டு பேரையும் தூக்க அக்கா இறங்கினார். மூன்று பேர். நீங்கள் எழுதி வைத்திருக்கும் கணக்கு சரிதான்.

பத்து நாள் கழித்து அக்காவின் மகள் கூப்பிட்டாள். அம்மா வேலையாட்களுக்குக் குரலில் பதிந்து அனுப்பிய செய்திகள் எங்களிடம் இருக்குமா என்று கேட்டாள். "எதுவா இருந்தாலும் பரவால்லண்ணா. அம்மா திட்டினதுகூடப் போதும்."

இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. மொத்தமாக அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் ஒரே நாளில் கேட்டால் சின்னப் பெண் தாங்குவாளா? அழிந்து கிடக்கிறது, தேடித் தேடித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நாளுக்கு ஒன்று கொடுக்கிறேன். இன்னும் நூற்றெண்பது பாக்கி.

என் தொலைபேசியை வாங்கி வைத்திருக்கிறீர்கள். நாலு மணிக்கு அவள் கூப்பிடுவாள். அப்போது மட்டும் என்னிடம் கொடுங்கள், ஐயா. பாவம், அவளுக்குப் பேச வேறு யாருமில்லை.