பத்தொன்பது பங்குதாரர்கள்

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். தம்ளரை வெந்நீரில் கழுவித் தரச் சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. எனக்கு மீன் வாடை ஆகாது. திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டிய எண்ணெய் ஆலையில் பதினாறு வருடம் கணக்கராக இருந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். சொந்த ஊரான சாத்தான்குளத்திலிருந்து இங்கே வந்த அன்று தொடங்கிய குமட்டல் இன்னும் நிற்கவில்லை.

சாம்பல் மேட்டில் போன வாரம் கிடைத்ததைப் பற்றித்தானே கேட்டீர்கள்? வருகிறேன். முதலில் பங்குகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

நாற்பத்தெட்டு ஏப்ரலில் எங்கள் ஜெயக்கொடி முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. கூலியை உயர்த்தக் கையில் பணமில்லை. ஆகவே, ஐந்து வருடம் இடைவிடாமல் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் கம்பெனியில் பத்துப் பங்கு என்று அறிவித்துவிட்டார். மூட்டை தூக்குகிறவனும் பங்குதாரனாம். பங்கைக் கொடுப்பது ஐந்தாம் வருட முடிவில்தான். ஆனால் உழைப்பை அன்றாடம் வாங்கிக்கொள்கிறோம் அல்லவா? அதனால் அதன் மதிப்பில் ஐந்தில் ஒரு பாகத்தை வருடாவருடம் கூலிச் செலவாக எழுதி, தனித் தலைப்பில் ஒதுக்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்தது. ஆடிட்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எவனாவது நடுவில் நின்றுவிட்டால் அவன் பேரில் ஒதுக்கியது லாபத்துக்கே திரும்பிவிடும்.

விதிகளையும் நான்தான் எழுதினேன். முன்கூட்டி எழுதிக் கொடுக்காமல் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் சேவை அறுந்தது, பங்கு கிடையாது. வாசித்துக் காட்டியபோது திருமலை எழுந்து நின்றான். மூட்டைப் பிரிவில் இருந்த பத்தொன்பது பேரும் ஒரே குப்பத்து மீனவர்கள். அவர்களுக்காகப் பேசுகிறவன் அவன். கணக்கரான என்னை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ரைட்டரே, எங்காளு ஒருத்தன் கடல்ல பூட்டான்னா, ஒடம்பு கரைக்கு வர்ற வரிக்கும் குப்பத்துல ஒருத்தனும் வேலைக்குப் போவ மாட்டோம். எட்டு நாள் பாப்போம். அத்தயும் எழுதிக்கோ நைனா."

"அப்படி நடந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். நம்பி உட்கார்ந்துவிட்டான். எழுதாததை நம்புவது அந்த ஜனங்களின் வழக்கம்.

ஐந்து வருடம் போனதே தெரியவில்லை. ஐம்பத்துமூன்று மார்ச் முப்பத்தொன்றில் பங்கு கொடுக்க வேண்டும். பத்திரங்கள் அச்சாகி வந்துவிட்டன. விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கப் பத்தொன்பது பேரும் என் மேசைக்கு வந்தார்கள். "லாபம் வந்தா கட்டுமரத்த வித்துட்டு, கடலுக்கே முழுக்குப் போட்டுருவேன் ரைட்டரே" என்றான் திருமலை. அவன் போன பிறகு பார்த்தால், தாளில் ரேகைக்குப் பக்கத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. வருடாந்தரக் கூட்டத்தில் இவர்கள் என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். என் கணக்கில் என்னையே கேள்வி கேட்பார்கள். நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது.

மார்ச் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு விடுமுறை. விடியற்காலையில் திருமலையும் பாஸ்கர் என்கிற இன்னொருவனும் போன கட்டுமரம் கவிழ்ந்தது. பாஸ்கர் நீந்திக் கரையேறிவிட்டான். திருமலை வரவில்லை. நான் வருட முடிவுக் கணக்கை முடிக்க ஆபீசுக்கு வந்திருந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் காவல்காரன் இன்னாசி சாப்பிடப் போனான். காற்றாடப் பின்பக்கம் போனேன். ஆலையின் கழிவுநீர் கடலில் விழுகிற இடத்தில், கற்களுக்கு நடுவே திருமலை ஒதுங்கிக் கிடந்தான். சுற்றிலும் ஆளில்லை.

அவனை இழுத்துக்கொண்டுபோய்ச் சாம்பல் மேட்டில் மூடினேன். பாய்லர் சாம்பல்தான், நன்றாக ஆறியிருந்தது. பிறகு ஏழு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். வாடை போகவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் குப்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கரை நெடுகத் தேடிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய் மதியம் அவன் பெண்சாதி நீலா எண்ணூர் வரைக்கும் வெயிலில் நடந்துவிட்டு ஆலை வாசலுக்கு வந்தாள்.

"ரைட்டரே, உங்க பக்கம் எதுனா ஒதுங்கிச்சா?"

"இல்லம்மா" என்றேன். அவள் உதடு வெடித்திருந்தது. பானையிலிருந்து நானே தண்ணீர் மொண்டு கொடுத்தேன். என்னை இரக்கமற்றவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தத் தம்ளரைப் பிறகு சாக்கடையில் எறிந்துவிட்டேன்.

புதன் சாயங்காலம் பெயர்களைக் கோடு போட்டு அடித்தேன். பதினெட்டு பேர்; திருமலையையும் சேர்த்துப் பத்தொன்பது. அவனும்தான் வரவில்லையே. முதலாளி தயங்கினார். விதியைக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். ஒதுக்கியது முழுவதும் லாபத்துக்குத் திரும்பியது. அதில் தம்பிடிகூட எனக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள் மொட்டைத் தலைகளோடு வந்து நின்றார்கள். "நீதான பாத்துக்கறேன்னு சொன்ன?" என்று பாஸ்கர் கேட்டான். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஐந்து வருடக் கணக்கை மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கி மூட்டை தூக்கப் போனார்கள்.

எலும்புக் கை இரண்டும் முகத்தை மூடியபடி இருந்ததாக டாக்டர் எழுதியிருக்கிறார் என்றீர்கள். செத்தவன் முகத்தை மூடிக்கொள்ள மாட்டான் என்பது உங்கள் வாதம். நியாயம்தான், மறைப்பானேன். மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "ரைட்டரே, தண்ணி" என்றான். அந்த வாயிலிருந்து வந்த நாற்றத்தை உங்களால் தாங்கியிருக்க முடியாது சார். முதல் கூடைச் சாம்பலை அங்கேதான் கொட்டினேன்.

அந்தப் பத்திரங்கள் பத்தொன்பதும் இன்றைக்கும் ஆபீஸ் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. அடுத்தவன் சொத்தில் கை வைத்தவன் அல்ல நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.