தொண்ணூறு யூனிட்டும் ஒற்றைச் செருப்பும்

முழுப்பெயர் முதல் தாளில் உள்ளது. தெருவில் கேட்பதானால் ‘கணக்கு சார்’ என்றால்தான் தெரியும். வயது அறுபத்தேழு. ஓய்வுபெற்ற ஆசிரியர். இந்தக் காவல் நிலையத்திலிருந்து இரண்டாவது தெருவில், கடைசி வீட்டின் கீழ்த்தளத்தில் மனைவியுடன் குடியிருக்கிறேன்.

என் மனைவிக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவள் உடல் இன்சுலினுக்கு எளிதில் அசைவதில்லை. வகுப்பில் சிலர் ஒரு தடவை பெயர் சொன்னாலே எழுந்து நிற்பார்கள். கடைசி வரிசையில் ஒருவனைப் பத்துத் தடவை கூப்பிட வேண்டும். அவள் உடல் அந்தக் கடைசி வரிசை. வேளைக்குத் தொண்ணூறு யூனிட் தேவைப்பட்டது. பழைய மருந்தில் அது ஒரே ஊசியில் அடங்காததால், மூன்று வேளைக்கு ஆறு குத்து. வயிற்றில் குத்த இடமில்லாமல் போயும் சர்க்கரை இறங்கவில்லை. கால் எரிச்சலால் வாசற்கதவு வரைகூட நடக்க மாட்டாள். நான்கு மாதங்களுக்கு முன் மருத்துவர் ஐந்து மடங்கு செறிவுள்ள இன்சுலினுக்கு மாற்றினார். அதன் பிறகு வேளைக்கு ஒரே குத்து. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பதினொன்றிலிருந்து ஏழரைக்கு வந்தது. மதிப்பெண் குறைந்ததற்கு நான் கைதட்டிய ஒரே தேர்வு அது.

தவறு வரக்கூடாது என்று வீட்டில் ஒரு வழக்கம் வைத்துள்ளோம். பேனா ஊசியில் எண்ணைத் திருப்பியதும் அவள் உரக்கச் சொல்ல வேண்டும்; நான் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்; அதன் பிறகுதான் குத்து.

இன்று காலை அவள் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். பேருந்து ஓட்டுநர். அவனும் இன்சுலின் போடுபவன், வேளைக்குப் பதினாறு யூனிட். நண்பகல் பன்னிரண்டே காலுக்கு அவள் “தொண்ணூறு” என்றாள், நான் “தொண்ணூறு” என்றேன். அதன் பிறகு, அவள் குத்துவதற்குள், மைத்துனன் கூடத்திலிருந்து எழுந்து வந்து, மருந்துப் பெட்டியில் வழக்கமான நூறுக்குப் பதில் ஐந்நூறு என்று இருந்ததைப் படித்து, “ஐயோ அத்தான், தொண்ணூறை அஞ்சால பெருக்கிப் பாருங்க! கணக்கு வாத்தியார்தானே நீங்க?” என்று கத்தி, அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்புடன் இங்கே ஓடி வந்து, அவன் அக்காவை நான் கொல்லப் பார்ப்பதாகப் புகார் கொடுத்தான். நான் மருந்துச் சீட்டுடன் பின்னால் வந்தேன்.

அதன் பிறகு ஆய்வாளர் கேட்டபடி விளக்கினேன். ஒரு குவளையில் ஐந்து மூடி தண்ணீர், இன்னொன்றில் ஒரு மூடி தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினேன். எதில் சர்க்கரை அதிகம் என்று கேட்டேன். “ரெண்டுலயும் ஒண்ணுதான் சார், தண்ணிதான் குறைச்சல்” என்று எழுத்தர் சொன்னார். இந்தப் பேனா காட்டுவது மருந்து நீரின் அளவை அல்ல, யூனிட் கணக்கையே. யாரும் பெருக்க வேண்டியதில்லை. ஆனால் இதே தொண்ணூறு மைத்துனனுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. ஆகவே அவன் பயந்ததில் குற்றமில்லை, அவன்மேல் நடவடிக்கை வேண்டாம். ஆய்வாளர் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொண்டார்.

அதற்குள் என் மனைவி நிலையத்தின் வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் தம்பியின் இன்னொரு செருப்பு இருந்தது.

“ஏண்டா, என் பேனாவை எதுக்குடா தூக்கிட்டு ஓடின? எனக்குப் பசிக்குது.”

“அக்கா, நீ நடந்தா வந்த?”

“பின்ன? உன் பஸ்ஸுக்குக் காத்திருந்தா நாளைக்குத்தான் வந்து சேருவேன்.”

அவன் செருப்பை வாங்கி, காலில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

அதன் பிறகு ஆய்வாளர் பேனாவை அவளிடமே கொடுத்தார். பெண் காவலர்களின் அறையில் அவள் கொண்டுவந்திருந்த புது ஊசியை மாட்டி, எண்ணைச் சரிபார்த்து, “தொண்ணூறு” என்றாள். நான் வாய் திறக்கும் முன் மைத்துனன் கதவுக்கு வெளியிலிருந்து “தொண்ணூறு” என்றான்.

“பார்த்துட்டுச் சொல்லுடா!”

அவன் உள்ளே வந்து, பார்த்து, மறுபடி சொன்னான். அதன் பிறகு அவள் போட்டுக்கொண்டாள்.

அவள் நடந்து வந்தது இந்த விசாரணைக்கு அவசியமா என்று எழுத்தர் கேட்டார். இரண்டு தெரு, இரண்டு ஆண்டுகளில் முதல் தடவை என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

இதில் உள்ள யாவும் நான் என் வாயால் சொன்னவை. வாசித்துக் காட்டக் கேட்டேன், நடந்தது நடந்தபடியே உள்ளது. ஊசி போட்ட அரை மணியில் அவள் சாப்பிட வேண்டும். ஜீப்பில் கொண்டுவிடுவதாக ஆய்வாளர் சொல்லியும், நடந்தே போவேன் என்று வாசலில் நிற்கிறாள். ஆகவே இத்துடன் நிறுத்திக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
கணக்கு சார்