மாறாத தொண்ணூற்றாறு

உங்கள் விசாரணை அறையில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. என் அலுவலகத்தில் இருப்பது கடகடவென்று ஆடும். அதன் கீழேதான் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன்.

மருத்துவமனையில் கட்டில் பக்கத்தில் நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் காட்டும் கருவி இருக்கிறதல்லவா, அதன் இயங்குதளத்துக்கு அடிமட்ட நிரல் எழுதுகிறவன் நான். நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும் எண்களை இன்னோரிடத்துக்கு நகலெடுப்பது, அவ்வளவுதான். ஆனால் கருவி ஓயாமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கும். அது தாமதித்தால் திரை திக்கும்.

திரை திக்குகிறது என்று மேலாளர் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நகலெடுக்குமுன் ஒரு சரிபார்ப்பு இருந்தது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், கடைசி எண்ணிலிருந்து நகர்த்த வேண்டும். முதலிலிருந்து நகர்த்தினால் முதல் எண் இரண்டாவதை அழிக்கும், பிறகு மூன்றாவதை. கடைசியில் பழைய எண் ஒன்றே வரிசை முழுக்க நிற்கும். நம் கருவியில் அப்படி நேராது என்று அந்தச் சரிபார்ப்பை எடுத்துவிட்டேன். வேகம் இரண்டு மடங்கானது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து சோதனைப் பிரிவுப் பெண் வந்தாள்.

"சார், கருவிக்கு வேலை கூடி லோடு ஏறுறப்ப நம்பர் அப்படியே நின்னுடுது."

கேபிளைச் சரியாகச் சொருகிப் பார்க்கச் சொன்னேன். அவள் புகாரை நானே முடித்துவைத்தேன். அதன் பிரதிதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அதற்குள் நானூறு கருவிகள் வெளியே போய்விட்டன. வாயைத் திறந்தால் என் தலைதான் உருளும்.

பிறகு தங்கையின் கணவரை நுரையீரல் தொற்று என்று சேர்த்தார்கள். ஒரு மத்தியானம் தங்கையோடு நானும் துணைக்கு உட்கார்ந்திருந்தேன். தலைமாட்டில் எங்கள் கருவி. ஆக்சிஜன் தொண்ணூற்றாறு. பத்து நிமிடம் பார்த்தேன், அதே தொண்ணூற்றாறு. மூச்சுவிடும் மனிதனுக்கு அது ஒன்றிரண்டாவது ஏறி இறங்க வேண்டும். அவர் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. எச்சரிக்கை மணியும் அதே எண்ணைத்தான் பார்க்கும். அது எப்படி அடிக்கும்?

நர்ஸ் ஐந்தடி தூரத்தில் இருந்தாள். உதட்டைப் பாருங்கள் என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உதட்டைப் பார்த்தவர்கள் அடுத்து கருவியைப் பார்ப்பார்கள்.

"அண்ணா, அவருக்கு என்னமோ மாதிரி இருக்கே. நர்ஸைக் கூப்பிடட்டுமா?" என்றாள் தங்கை.

"தொண்ணூற்றாறு இருக்கும்மா. அசந்து தூங்குறாரு. எழுப்பாத."

கருவி செய்தவனே சொன்ன பிறகு அவளுக்கு வேறென்ன வேண்டும். அவர் கால்வரை போர்வையை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நாற்பது நிமிடத்தில் அவர் மூச்சு நின்றுபோயிற்று. தங்கை டாக்டரைத் தேடி ஓடியபோது கருவியை அணைத்துத் திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகு அது ஒழுங்காக வேலை செய்தது.

ஆம், செய்தது நான்தான். ஆனால் தங்கையிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. திரையில் இருந்ததைத்தான் வாசித்தேன்.