உப்பு கூடிப்போன கஞ்சி

மகன்: அம்மா கடைசியா என்ன சாப்பிட்டாங்கன்னுதானே கேட்டேன்? அதுக்கு ஏன் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறீங்க?

சமையல்காரி: பாக்கலையே தம்பி. இவ மூஞ்சியில பாக்க என்ன இருக்கு.

தையல்காரி: இந்த ஜெயில் முழுக்க இவ ஆக்குறதைத் தின்னுட்டு எப்படி உயிரோட இருக்கோம்னு... சரி விடுங்க. உங்க முன்னாடி அந்தப் பேச்சை எடுத்திருக்கக் கூடாது.

மகன்: பரவாயில்ல. விஷக்காரி மகன்னு கேட்டுக் கேட்டு வளந்தவன்தான் நான்.

சமையல்காரி: ஒண்ணும் சாப்பிடல தம்பி. ஜெயில் ஆஸ்பத்திரியில படுத்தே கிடந்தாங்க. நாங்க ரெண்டு பேரும்தான் மாத்தி மாத்திப் பக்கத்துல இருந்தோம். அமைதியா போயிட்டாங்க.

மகன்: எந்திரிக்கவே இல்லையா?

தையல்காரி: எங்க எந்திரிக்க...

மகன்: உடம்பை நான் எடுத்துட்டுப் போறேனா, இல்ல இங்கயே அடக்கம் பண்ணிடலாமான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். அதான் உங்களைப் பாக்கணும்னு கேட்டேன்.

தையல்காரி: அதுல யோசிக்க என்ன இருக்கு?

சமையல்காரி: சும்மா இருடி. அவருக்கு இருக்கும்ல.

மகன்: இங்க யாராவது... அவங்க கையால ஒரு டம்ளர் தண்ணியாவது வாங்கிக் குடிச்சிருக்காங்களா?

தையல்காரி: இல்ல. சமையக்கட்டுப் பக்கமே அவங்களை விடக்கூடாதுன்னு உத்தரவு. தண்ணி மொண்டு நீட்டுவாங்க. நாங்க பாக்காத மாதிரி போயிடுவோம்.

சமையல்காரி: இவ அவங்க உக்காந்த பெஞ்சுல கூட உக்காரமாட்டா. ஏன் செஞ்சேன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டவளும் இவதான்.

மகன்: என்ன சொன்னாங்க?

தையல்காரி: "நான்தான் செஞ்சேன். காரணம் சொன்னா, செத்தவங்க வந்து பதில் சொல்ல முடியாதே"ன்னாங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல.

மகன்: அன்னிக்கு அப்பாவுக்கு, பாட்டிக்கு, சித்தப்பாவுக்கு எல்லாம் பரிமாறினாங்க. எனக்கு மட்டும் தட்டு வைக்கல. பசிக்குதுன்னு அழுதேன். முதுகுல ஒண்ணு வச்சு வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க.

சமையல்காரி: சொல்லியிருக்காங்க. "புள்ளையைப் பட்டினியா அனுப்பிட்டேன்"னு. மத்ததை விட அதைத்தான் அதிகம் சொல்லுவாங்க.

மகன்: எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இன்னி வரைக்கும் பொண்டாட்டி கையால ஒரு வாய் தின்னதில்ல. நானே ஆக்கிக்குவேன். முன்னெல்லாம் அழுவா. இப்ப தனக்கு மட்டும் தட்டு எடுத்து வச்சுக்கறா. அம்மாவை எடுத்துட்டுப் போயி நான் என்னன்னு சொல்லி அழறது?

தையல்காரி: ஏய்... சொல்லிடலாம்டி.

சமையல்காரி: வாயை மூடு. வார்டரம்மா நிக்கறாங்க.

தையல்காரி: போன் வந்து வெளிய போயிட்டாங்க பாரு.

சமையல்காரி: தெரிஞ்சா என்னைச் சமையக்கட்டை விட்டுத் தூக்கிடுவாங்க. விடுதலையும் தள்ளிப் போயிடும்...

தையல்காரி: போனா போவுது. நானும் இங்கதானே கிடக்கப் போறேன், துணைக்கு.

சமையல்காரி: சரி. தம்பி, கொஞ்சம் கிட்ட வாங்க. அவங்க படுத்தே கிடக்கல. "ஒரே ஒரு தடவை அடுப்பு முன்னாடி நிக்கணும்"னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எல்லாரும் துணி துவைக்கப் போன நேரமாப் பாத்து, ஒரு நாள் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டேன். கஞ்சி வச்சாங்க. கண்ணு சரியாத் தெரியல. உப்பு போட்டதை மறந்துட்டு இன்னொரு தடவை போட்டாங்க.

மகன்: யாருக்குக் கஞ்சி?

சமையல்காரி: எங்களுக்கு. நாங்க நம்பணுமேன்னு முதல்ல தன் வாயில வைக்கப் போனாங்க. இவ கரண்டியைப் பிடுங்கிட்டா. "உனக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, பேசாம உக்காருக்கா"ன்னா. அன்னிக்குத்தான் முதல் தடவையா அக்கான்னு கூப்பிட்டா.

மகன்: பிடுங்கி...?

தையல்காரி: தின்னேன். வாயில வைக்க முடியல, அவ்வளவு உப்பு. நல்லா இருக்குக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு தட்டை நீட்டினேன். காலியாகுற வரைக்கும் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இந்தா, குத்துக்கல்லாட்டம் உங்க முன்னாடி உக்காந்திருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல. உங்கம்மாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க தம்பி. போயி உங்க சம்சாரத்துகிட்ட தட்டை நீட்டுங்க.